செத்தால் கைமாறும்

எல்லாரும் நல்லது என்கிறார்கள்.
றிஸ்மியா கேட்டபோது
நானும் நல்லது என்றுதான் சொன்னேன்.
பதினெட்டு மணித்தியாலம் விளையாடியாயிற்று,
வரைபடத்தில் இன்னும் கால்வாசிகூட வெளுக்கவில்லை.

உப்புக்கோட்டை, இரண்டாம் பாகம்.
முதலாவதில் மதிலுக்கு அப்பால்
இரைச்சலாக மட்டும் இருந்த கடல்
இதில் திறந்து கிடக்கிறது.
படகு தருகிறார்கள். பருந்து தருகிறார்கள்.
மழை பெய்தால் அவளுடைய மேலங்கி
தோளிலிருந்து தொடங்கி நனைகிறது,
உண்மையாகவே, தோளிலிருந்து.

அவளுக்கு ஏதோ பெயர் உண்டு.
நாங்கள் சுகிர்தா மிஸ் என்றே கூப்பிட்டோம்,
கணக்கியல் படிப்பித்த மிஸ்ஸைப் போல
இடது காலைச் சற்று இழுத்து நடப்பதால்.
இரண்டாம் பாகத்தில் அந்தக் கால் சுகமாகிவிட்டது.
எப்படியென்று கதையில் எங்கும் சொல்லவில்லை.

முதலாவதை விளையாடியது
கறண்ட் இல்லாத வருஷத்தில்.
வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை,
மூன்றாம் மாடி, வாடகை அனெக்ஸ்.
றிஸ்மியாவின் மச்சான் விற்க மனமில்லாமல்
விட்டுப்போன கன்சோல்.
ஒரேயொரு கன்ட்ரோலர்.
மண்ணெண்ணெய் வரிசையில் நின்று வந்த கைகள்,
பொத்தானெல்லாம் அந்த மணம்.
சட்டம் ஒன்றுதான்: செத்தால் கைமாறும்.

அந்த விளையாட்டில்
நினைத்த இடத்தில் சேமிக்க முடியாது.
விளக்குக் கம்பத்தின் அடியில் மட்டும்.
ஒரு விளக்கிலிருந்து மறு விளக்குக்கு
நாற்பது நிமிஷம், சிலவேளை ஒரு மணித்தியாலம்.
எங்கள் பகுதிக்குக் கறண்ட் போவதோ
அறிவித்த நேரத்துக்கு ஐந்து நிமிஷம் முந்தி.
அந்த ஐந்து நிமிஷத்துக்குள்
எத்தனை தரம் செத்திருப்போம்,
சாகாமலே.

மிஸ் பாலத்தின் நடுவில் நிற்பாள். பட்டென்று இருட்டு.
மின்விசிறி கடைசிச் சுற்றைச் சுற்றி ஓயும்.
கீழே மரைன் டிரைவில் ஒருவன்
சிங்களத்தில் முழு நாடாளுமன்றத்தையும் ஏசுவான்.
"இடப்பக்கம் பாய்ஞ்சிருக்க வேணும்டி" என்பாள் றிஸ்மியா.
"பாய்."
"பாய்ஞ்சிட்டன். இப்ப மூண்டு படி."
"படிக்குக் கீழ நாய்."
"நாயை அடிக்காத."
"அடிக்கேல்ல, தாண்டுறன்."
கறண்ட் வரும்போது சில இரவுகளில்
வாயாலேயே கோட்டை வாசலுக்கு வந்திருப்போம்.
திரை எங்களைத் திரும்பவும்
பழைய விளக்கடியில் கொண்டுபோய் நிறுத்தும்.

புதியதில் மூன்று அடிக்கொரு தரம்
தானாகவே சேமித்துக்கொள்கிறது.
மலையிலிருந்து விழுந்தால்
விழுந்த இடத்துக்குச் சற்று மேலே எழும்புகிறாள்,
உடுப்பில் தூசுகூட இல்லை.
நேர்மையாகச் சொன்னால் ஒன்று பிடித்திருக்கிறது.
கன்ட்ரோலரைத் தொடாமல் விட்டால்
முதலாம் பாகத்தில் கம்பம் மாதிரி நிற்பாள்.
இதில் கரையில் குந்தி,
கூழாங்கற்களை எடுத்து ஏதோ எண்ணுகிறாள்.
தேநீர் ஆறும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
முழு விளையாட்டும் அந்த வேகத்தில் இருந்திருந்தால்
இந்தக் கவிதை வேறு மாதிரி இருந்திருக்கும்.

றிஸ்மியா இப்போது மெல்பேர்னில்.
இரண்டு நாட்டிலிருந்து இரண்டு பேர்
ஒன்றாக விளையாடலாம் என்பதுதான்
பெட்டியின்மேல் போட்டிருக்கும் பெரிய எழுத்து.
சனி இரவுகளில் வில்லோடு வந்து
என் பக்கத்தில் நிற்கிறாள்.
அவளுக்கு அங்கே நடுச்சாமம் தாண்டியிருக்கும்.
அவளிடம் ஒரு கன்ட்ரோலர். என்னிடம் ஒன்று.

நேற்றுக் குகை வாசலில் விழுந்து செத்தேன்.
யோசிக்காமல் கன்ட்ரோலரை
இடப்பக்கம் தரையில் நீட்டி வைத்தேன்.
சீமெந்துத் தரை. யாரும் எடுக்கவில்லை.
திரையில் மிஸ் ஏற்கனவே எழும்பிவிட்டாள்.
வில்லுக்காரி அவளைச் சுற்றித் துள்ளித் துள்ளி,
காதுக்குள், "என்னடி, நெட் போயிட்டா?"

"இல்லை," என்றேன். "கறண்ட்."
எழும்பிப் போய்த் திரையை அணைத்தேன்.

"இப்பவுமா?"
மேலே மின்விசிறி முழு வேகத்தில் சுற்றுகிற சத்தம்
அவளுக்குக் கேட்டிருக்கும்.
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம்.

"சரி. குகைக்குள்ள வந்திட்டன்.
வலப்பக்கம் என்ன இருக்கு, சொல்லு."