இருபத்தொரு கியர்

களுவாஞ்சிகுடிக் கடையில் றிபாஸ்
அதைத் தலைகீழாய் நிறுத்திப்
பின்சில்லைச் சுழற்றிவிட்டார்.
"மவுண்டன் பைக், தங்கச்சி. மலையும் ஏறும்."
எந்த மலை என்று நான் கேட்கவில்லை.
எங்கள் பக்கத்தில் ஆக உயரம்
வாய்க்கால் கட்டு.

முன்னுக்கு மூன்று பல்லுச்சில்லு, பின்னுக்கு ஏழு.
பெருக்கினால் இருபத்தொன்று.
இரும்புச் சட்டம், பதினேழு கிலோ.
அலுமினியமென்றால் இன்னும் இருபதாயிரம் வை என்றார்.
முன்கவையில் ஸ்பிரிங்:
அமத்தினால் பெருமூச்சு விட்டு எழும்பியது.
சீற்று ஒரே நெம்பில் கழலும்.
அதை மட்டும் மூன்று தரம் கழற்றிக் காட்டினார்.

நடுக்குழாய் சீற்றுப் பக்கம் சரிந்து இறங்குவதால்
காற்சட்டையோடு கால்போட லேசு.
நான் எடுத்தது அதற்காகத்தான்.
அதை அவர் சொல்லவேயில்லை.

வேலை டெங்கு.
போத்தல், பிப்பெற், டோர்ச், படிவக்கட்டு,
எல்லாம் கரியலில்.
குருமன்வெளித் துறையில் பாதை ஏறி மண்டூருக்கு.
பாதை என்றால் எங்களுக்கு மிதப்பது.
இருபத்தொரு கியரும் சும்மா நிற்க
பதினேழு கிலோவையும் என்னையும்
இரண்டு ஆட்டையும் ஒரு முட்டைக்காரரையும்
வாவி கொண்டுபோய் இறக்கும்.

அக்கரையில் கிரவல் ரோட்டு.
அங்கேதான் தெரிந்தது, எனக்கு வேண்டியது மூன்று கியர்.
ஒன்று காலைக்கு.
ஒன்று கச்சான் எதிர்த்து அடிக்கிற மத்தியானத்துக்கு.
மற்றது போரதீவு நாய்களுக்கு.

உப்புக் காற்று இரண்டு மாசத்தில்
ஸ்பிரிங்கின் மூச்சை அடைத்தது.
பிறகு கவை வெறும் கவை.
குழி எல்லாம் நேரே மணிக்கட்டுக்கு வந்தது.

வெல்லாவெளிக்குக் கிட்ட
பின்தண்டு படாரென்று விட்டது.
கலப்பை ஒட்டுகிற பட்டறைக்கு உருட்டிக்கொண்டு போனேன்.
கேதாரநாதன் சுண்டிப் பார்த்தார்,
காதை வைத்தும் பார்த்தார்.
"இரும்புதானே புள்ள, ஒட்டலாம்.
மத்ததெண்டா வித்துப்போட்டு வா எண்டிருப்பன்."
முந்நூறு ரூபாய்.
ஒட்டின இடத்தில் கட்டெறும்பு வரிசையாய்க் கறுத்த தழும்பு.
அதற்குப் பிறகு எது விட்டாலும் அந்த இடம் விடவில்லை.

சீற்று போனது ஆஸ்பத்திரி வாசலில்.
உள்ளே நுளம்புக் கூட்டம்,
வெளியே ஒரே நெம்பு.
றிபாஸ் காட்டினதை
வேறு யாரோவும் பார்த்திருக்கிறார்கள்.
வீடு மட்டும் நின்றபடி மிதித்தேன்.
சந்தியில் ஆரோ, "அக்கா, ரேஸா?"

சம்பளத்துக்கு ஒன்பது நாள்.
மழையோ அதற்கு முன்னமே வந்துவிட்டது.
சைக்கிளைக் கிணத்தடி மதிலில் சாத்திவிட்டு
பஸ்ஸில் போய் ஊரெல்லாம் சிரட்டை கவிழ்த்தேன்.
யோகட் கப்பை ஆட்களுக்கு முன்னால் தூக்கிப் பிடித்து
"இந்தளவு தண்ணி காணும்" என்றேன்.
தெய்வமலரக்காவின் பூச்சாடிக்குச்
சிவப்பு நோட்டீஸ் கொடுத்தேன்.
அவ இன்னும் என்னோடு கதைப்பதில்லை.

பத்தாம் நாள் புதுச் சீற்றோடு வந்து
குழாய்க்குள் டோர்ச் அடித்தேன்.
அடியில் மண்டூர்ச் சேறு அடைத்து
விளிம்பு மட்டும் மழைத் தண்ணி.
வட்டமாய், தெளிவாய், ஒரு சின்ன நிலவு.
வெளிச்சம் பட்டதும்
நிலவு நெளிந்தது.

பிப்பெற்றால் எடுத்து எண்ணினேன்.
பதினொரு குடம்பி.
யாரும் பார்க்கவில்லை.
கவிழ்த்து ஊற்றியிருக்கலாம்.

படிவத்தை எடுத்தேன்.
வீட்டுக்காரர்: என் பெயர்.
கொள்கலன்: டயர், வாளி, சிரட்டை, பூச்சாடி, வேறு.
'வேறு' என்பதில் கோடு போட்டு
மவுண்டன் பைக் என்று எழுதினேன்.
ஒபிசில் சுகிர்தன் வாசித்துவிட்டுக் கேட்டான்:
"எத்தனை கியர்?"

நோட்டீஸைத் தெய்வமலரக்காவின் வேலி தெரியிற பக்கமாய் ஒட்டினேன்.
பிறகு றிபாஸ் செய்தது போலத் தலைகீழாய் நிறுத்த
துருநிறத்தில் ஒழுகி முடிந்தது.
சில்லைச் சுழற்றி ஒவ்வொரு கியராய் மாற்றிப் பார்த்தேன்.
பன்னிரண்டாவது இன்னும் புதுசு.
அது எதற்கென்று
இதுவரை எனக்குத் தெரியாது.