இப்படிக்கு

குடியாத்தம் சார் பதிவாளர் ஆபீசுக்கு எதிரே,
ஜெராக்ஸ் கடைக்கும் இளநீர் வண்டிக்கும் நடுவில்,
இருபத்திரண்டு வருஷமாக நான் எழுதும் சொல்:
இப்படிக்கு.
எப்படிக்கு என்று ஒருவரும் கேட்டதில்லை.

விரிஞ்சிபுரம் போனால் கோயில் சுவரைத் தடவிப் பார்ப்பேன்.
எனக்குப் படிக்க வராத எழுத்து.
கல்வெட்டு தெரிந்த ஒருவர் சொன்னார்,
அந்தக் காலத்தில் முடிக்கிற விதம்
'இவை என்னெழுத்து' என்று.
நிலம் கொடுத்தவன், சாட்சி நின்றவன்,
ஒருவன் கீழே ஒருவன்.
காதல் கடிதத்துக்கு இந்தக் கடைசிச் சொல்
எங்கள் தொழிலிலிருந்து கடனாகப் போனதுதான் என்று
டீக்கடையில் அடித்துப் பேசுவேன்.
ஆதாரம் கேட்டால் டீ ஆறிவிட்டது என்பேன்.

செவ்வாய்க்கிழமை அம்சவேணி வந்தாள்.
பிச்சனூர் வீட்டில் தன் பாதியை
அண்ணன் சம்பங்கிக்கு எழுதிவைக்கும் செட்டில்மெண்ட்.
அவர் வேப்பமரத்தடியில், அவள் என் பெஞ்சில்.
பேசி ஒன்பது வருஷமாம்.

'தங்கள்பேரில் எனக்குள்ள
அன்பினாலும் பிரியத்தினாலும்' என்று
வழக்கம்போல் படித்துக்கொண்டு போனேன்.
"அது யாரு சொன்னது?"
சட்டம்மா. ரத்த உறவு, அன்பு என்று இருந்தால்
முத்திரைத்தாள் செலவு குறையும்.
"எவ்ளோ குறையும்?"
சொன்னேன்.
"அப்ப இருக்கட்டும்."

ஆதார் அட்டையை உருவும்போது
கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது ஓர் இன்லேண்ட் லெட்டர்.
பிவண்டி முத்திரை, மடிப்பில் கிழிசல்.
படிக்கக்கூடாது.
கடைசி வரியை மட்டும் படித்தேன்,
கையெழுத்து இருக்கும் இடத்துக்குத்தான்
என் கண் முதலில் போகும்.

'இப்படிக்கு,
தாயக்கட்டையில் உன்னிடம் தோற்று
நாலணா பாக்கி வைத்திருக்கும்
அண்ணன்.'

பெயர்கூட இல்லை. பதிவாளர் ஏற்கமாட்டார்.

கையெழுத்துப் போடும்மா என்றேன்.
அம்சவேணி என்று போட்டாள்.
பேனாவை எடுக்காமல், பக்கத்திலேயே,
தீக்குச்சி அடுக்குவதுபோல நெருக்கி நெருக்கி:
நாலணா இன்னும் வரல.

தலையில் அடித்துக்கொண்டு
வேப்பமரத்தடிக்கு எடுத்துப் போனேன்.
சம்பங்கி கண்ணாடி தேடினார்.
அது நெற்றியில் இருந்தது.
படித்தார். சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார்,
அந்தக் காசு செத்தே பல வருஷம்.
அடித்துவிடலாம் ஐயா,
அதற்கும் அவங்க ஒரு கையெழுத்துப் போடணும் என்றேன்.

"அப்ப இருக்கட்டும்," என்றார்.

ஓரத்தில் எழுதினேன்:
கடைசி வரியில் மூன்று சொல் கூடுதல்.
சரி.