நான்காம் கட்டம்

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்.
மார்லா கொவாண்டா என்று சட்டையில் குத்தியிருக்கும்.
வயது வந்தோர் கல்வி அலுவலகம், இரண்டாம் மாடி.
லிஃப்ட் ஓடாது. ஜனவரியில் ஹீட்டரும்.

பள்ளிக்கூடம் முடிக்காதவர்கள் வந்து
முடித்ததற்குச் சமம் என்று ஒரு தாள் வாங்கிப் போகும் இடம்.
சமம். அந்தச் சொல்லை
ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்கிறேன்.

விதி சின்னது, மனப்பாடம்:
பதினெட்டு முடிந்தவர் யாரையும் கேட்க வேண்டாம்.
பதினாறு, பதினேழு என்றால்
நின்றுவிட்டதாகப் பள்ளியே தரும் கடிதம்,
பெற்றவரில் ஒருவர் கையெழுத்து,
அதன் பக்கத்தில் நோட்டரி முத்திரை.
பதினாறுக்குக் கீழே
கதவு இருக்கிறது, கைப்பிடி இல்லை.
மிசூரி ஆற்றைத் தாண்டினால் வேறு மாநிலம், வேறு கணக்கு.
பாலத்தின் நடுவில் நிற்கிறவருக்கு எது என்று
இதுவரை யாரும் கேட்டதில்லை.

மேல் வரம்பு கிடையாது.
போன செவ்வாய் டுவேன் ஷ்ரோடர் வந்தார், அறுபத்தெட்டு,
தானியக் கிடங்கில் முழங்காலைத் தொலைத்தவர்.
"ரொம்பத் தாமதமோ?"
"தாமதம் என்று ஒரு கட்டம் இந்தப் படிவத்தில் இல்லை" என்றேன்.
இருவரும் சிரித்தோம்.
சீக்கிரத்துக்குத்தான் கட்டம். நான்காவது.

அவள் வெள்ளிக்கிழமை வந்தாள், வேலை முடிந்து நேராக.
குளோரின் வாடை அவளுக்கு முன்னால் வந்தது.
ஸ்பானிஷில் ஆரம்பித்தோம்;
அது இரண்டு பேருக்கும் இரவல் என்று தெரிந்ததும்
மெதுவாக இங்கிலீஷுக்கு வந்தோம், அதுவும் அவளுக்கு இரவல்தான்.
கிரிசெல்டா இஷ்கோய்.
மளமளவென்று எழுதிக்கொண்டே போனாள்.
நான்காம் கட்டத்தில் பேனா நின்றது.

"எதை எழுதட்டும்?"

இரண்டு அட்டைகளை வைத்தாள்.
ஒன்று தூதரகத்து அட்டை: பதினாறுக்குப் பத்தொன்பது நாள் குறைவு.
இன்னொன்று இறைச்சி ஆலையின் அட்டை, கழுத்தில் தொங்குவது:
யோலாந்தா, இருபத்து நான்கு.
இரண்டிலும் ஒரே முகம்.
ஆலைப் படத்தில் மட்டும் உதட்டுச் சாயம்.

இரவு பதினொன்றுக்கு மேல்
எலும்பு அறுக்கும் ரம்பங்களைக் கழுவுகிறவள் யோலாந்தா.

"இவளுக்கு வயது போதுமே" என்று அந்த அட்டையை என் பக்கம் தள்ளினாள்.
போதும். தாராளமாகப் போதும்.
"ஆனால் பாஸாகிறவளும் அவள்தான்" என்றேன்.
"தாளில் அவள் பெயர்தான் வரும்."

கொஞ்ச நேரம் இடது உள்ளங்கையைப் பார்த்தாள்.
தோல் உரிந்து, கீழே புதுத்தோல் இன்னும் முடிவு செய்யாமல் இருந்தது.
"அவளுக்கு ஏற்கெனவே நிறையக் கொடுத்தாச்சு"
என்று அட்டையைத் திருப்பி எடுத்துக்கொண்டாள்.

பிறகு அம்மாவைப் பற்றிக் கேட்டாள்.
அம்மா டோட்டோனிகாபானில். கைநாட்டுதான். செல்லுமா?
முத்திரையிடுகிறவர் முன்னால் வைத்தால் செல்லும் என்றேன்.
எந்த ஊர் முத்திரை என்று அவள் கேட்கவில்லை,
கேட்டிருந்தால் எனக்கும் தெரியாது.
பள்ளிக் கடிதத்துக்கு
முதலில் ஒரு பள்ளியில் சேர்ந்திருக்க வேண்டும்.
நிற்பதற்காகச் சேர வேண்டும்.
இதை எப்படிச் சொல்வது? சொன்னேன்.
அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்,
மிச்சத் தூக்கத்தைக் கணக்குப் போடுகிறவளாக.

எனக்குப் பதினாறு ஆன அன்று
அப்பாவின் பிக்கப்பை எடுத்துப் போய் வேலிக்கம்பத்தில் இடித்தேன்.
அந்த வயதுக்கு நான் கொடுத்த விலை ஒரு முன்விளக்கு.

மேசை இழுப்பறைக்குள் ஒரு எண் ஒட்டியிருக்கிறது,
சிறார் வேலை பார்ப்பதைத் தெரிவிக்க.
கூப்பிட்டால் வேலை போகும், வாடகை போகும்,
கைக்குத் தோல் வரும்.
கூப்பிடாவிட்டால்
இழுப்பறையை மூடினேன். திறந்தேன்.
பின்னால் நின்றவர் வரிசை நகருமா என்றார்.

நாள்காட்டியில் பத்தொன்பது சதுரம் எண்ணி
ஒன்றில் '16' என்று எழுதினேன், பெயர் போடாமல்.

நாலரைக்கு அந்த எண்ணை அழுத்தினேன்.
நீண்ட இசை. அப்புறம் ஒரு பெண்குரல்,
கனிவானது, என்னைப் போலவே கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற குரல்.
முதல் கேள்வி:
அந்தப் பிள்ளைக்கு என்ன வயது?