நெறி

வலது அக்குளில் ஒரு சுண்டைக்காய்.
தோ பாயோ, ஐந்தாவது மாடி, குளியலறை.
சோப்பு நுரைக்குள் விரல் இடறியபோது
மணி நான்கு பத்து.
முதல் பேருந்து என்னுடையது.
நான் கதவு திறக்காவிட்டால்
நாற்பது பேருக்கு விடியாது.

ஓட்டினேன்.
ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும்
கை தானாகச் சட்டைக்குள் போகப் பார்த்தது.
பின்னால் ஆட்கள் இருக்கிறார்கள் என்று அதட்டினேன்.
பிரேடல் சந்திப்பில் அது சுண்டைக்காய்,
நொவீனாவில் நெல்லிக்காய்,
டெப்போ திரும்புவதற்குள்
எலுமிச்சை.

பதினோரு நாள் யாரிடமும் சொல்லவில்லை.
கைப்பேசியிடம் மட்டும் சொன்னேன்.
அது என் பதினாறாம் நாள் காரியம் வரை
போய்விட்டு வந்தது.
மத்திய சேமநிதியில் வாரிசின் பெயரை
எதற்கும் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டேன்.

பலதுறை மருந்தகம்.
திரை எல்லோருடைய எண்ணையும் அழைத்தது,
என் எண்ணைத் தவிர.
கடைசியில் அழைத்தபோது
எழுந்திருக்க மனமில்லை.

டாக்டர் ஹஸ்லினாவின் விரல்கள் சில்லென்றிருந்தன.
உருட்டினார். நகர்த்தினார்.
வலிக்கிறதா என்று மலாயில் கேட்டார்.
வலிக்கிறது என்றேன்.
"நல்லது."
நாற்பத்தாறு வருடத்தில்
என் வலியை நல்லது என்ற முதல் ஆள்.

மெத்தென்று இருக்கிறது, வழுக்கி ஓடுகிறது,
தொட்டால் நோகிறது. வேலை நடக்கிறது உள்ளே.
கல்லாக, அசையாமல், வலியே இல்லாமல்
கிடந்திருந்தால் எனக்குக் கவலை, என்றார்.

பிறகு, "வீட்டில் பூனை?"
"இல்லை."
வீவக வீட்டில் பூனை கூடாது என்ற காலம் அது.
அவர் பார்வை என் காற்சட்டைக்கு இறங்கியது.
கருநீலச் சீருடையில்
கோப்பியின் செம்பட்டை முடி, மூன்று.
"நான் டாக்டர்தான், வீவக இல்லை."

மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினேன்.
குழாய் பார்க்க ஆள் வந்த அன்று
அலமாரிக்குள் திணித்ததற்கு
கோப்பி போட்ட கையெழுத்து.
ஆறி, உதிர்ந்து, நானே மறந்தது.

தென்னை மரத்தில் தேள் கொட்டினால்
பனை மரத்தில் நெறி கட்டுமா என்று
எத்தனை சண்டையில் கேட்டிருப்பேன்.
கட்டும்.
உடம்பு ஒரே தோப்பு.
மணிக்கட்டில் நுழைந்ததை
அக்குளில் மறித்துக்கொண்டு
என்னிடம் அனுமதி கேட்காத ஒரு காவல்
மூன்று வாரமாக வீங்கி நிற்கிறது.
அதைத்தான் நான் எதிரி என்று
இரவெல்லாம் அழுத்திக்கொண்டிருந்தேன்.

வெந்நீரில் பிழிந்த துண்டு, பத்து நிமிடம்,
நாளுக்கு மூன்று தரம்.
தாங்காவிட்டால் பாராசிட்டமால்.
வளர்ந்தாலோ, காய்ச்சல் விடாவிட்டாலோ,
இரவில் படுக்கை வியர்வையில் நனைந்தாலோ
உடனே வரவேண்டும். இல்லையேல் மூன்று வாரம்.
கதவருகே மறுபடி கூப்பிட்டார்:
"தொட்டுத் தொட்டுப் பார்க்காதீர்கள்."

மருந்துகளில் அதுதான் கசப்பு.

இன்று பிரேடலில் நீளமான சிவப்பு.
இரண்டு கையும் ஸ்டீயரிங்கில்.
நெல்லிக்காய், சுண்டைக்காய்,
மிளகாக இருக்குமோ இப்போது?
தெரியாது. பச்சை விழுந்துவிட்டது.

மாலையில் கோப்பிக்கு நகம் வெட்டினேன்.
முகத்தைத் திருப்பிக்கொண்டது.
நான்காவது காலைத் தரவேயில்லை.