நூலில் தொங்கிய பந்து

கூரையிலிருந்து பந்தைத் தொங்கவிடுவது என் வேலை.
கறுப்பு நூல். ஆளின் உயரத்துக்கு ஒரு முடிச்சு.
ஹாப்ட்மேயரின் ஸ்டூடியோ நான்காம் மாடியில்;
கண்ணாடிக் கூரை வழியே நியூயார்க் வெயில்
புகைக்கரியில் வடிகட்டித்தான் உள்ளே வரும்.

ஆட்டக்காரர்கள் சிகரெட் கம்பெனி செலவில்
ட்ராம் ஏறி வருவார்கள்.
ஆணி வைத்த காலணிகளோடு கம்பளத்தின் மேல்
புது மாப்பிள்ளைகள் போலக் கூசி நிற்பார்கள்.
பின்னால் துணியில் வரைந்த மரங்கள்,
காற்றே அறியாத வேலி.

"அசையாதே" என்பார் ஹாப்ட்மேயர்.
ஓடுகிறவன் அசையக் கூடாது.
சறுக்கி விழுகிறவன்
சறுக்கியபடியே படுத்திருக்க வேண்டும்,
இடுப்புக்கடியில் ஒரு தலையணை.
பந்து அந்தரத்தில் நிற்கும்.
நான் மனதுக்குள் எண்ணுவேன்: ஒன்று, இரண்டு.

லியாண்டர் டுகன் என்று ஒருவன், மூன்றாம் பேஸ்.
வலக்கையில் இரண்டு விரல்கள் கோணல்.
கையுறை பயந்தவர்களுக்கு என்பான்.
அவன் முறை வந்தபோது என் முடிச்சு அவிழ்ந்தது.
பந்து விழுந்தது.
பிடித்துவிட்டான்,
குனிந்து, முழங்காலருகே, சிரித்துக்கொண்டே.
அன்று அந்த அறையில் நடந்த ஒரே ஆட்டம் அதுதான்.

கண்ணாடித் தட்டில் கிடைத்ததோ ஒரு மூட்டம்:
நான்கு கைகள், அரை முகம்,
பந்து போன வழியில் ஒரு கறுப்புக் கோடு.
"பாழ்" என்றார் ஹாப்ட்மேயர்.
தட்டின் விலையை என் கூலியில் பிடித்துக்கொண்டார்.
மறுபடி கட்டினேன். மறுபடி டுகன்
பிடிக்காமல் நின்றான்.
அதுதான் அட்டையானது.

பெட்டிக்குள் பத்து சிகரெட்டும் நசுங்காமலிருக்க
ஒரு முதுகெலும்பு, அவ்வளவுதான் அட்டை.
முகம் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது.
ஆலையில் பொஷேனா என்றொருத்தி
தூள் படிந்த விரல்களால்
நாளெல்லாம் ஆட்டக்காரர்களைச் செருகினாள்,
ஓர் ஆட்டமும் பார்க்காமல்.

டுகனின் மனைவி பன்னிரண்டு பெட்டி வாங்கினாள்.
மேசையில் கொட்டினால்
ஏழு பிட்ச்சர்கள், நான்கு கேட்ச்சர்கள்,
இடையை இறுக்கிக் கட்டிய ஒரு நாடக நடிகை.
புருஷன் மட்டும் இல்லை.
கொடுத்த காசை வீணாக்குவானேன் என்று
ஒன்றைப் பற்றவைத்தாள்.
கம்பெனிக்கு வேறென்ன வேண்டும்?

அடுத்த கோடையில் அணி அவனைக் கைவிட்டது.
கடை வாசலில் பையன்கள் மட்டும்
புகைக்கிற பெரியவர்களிடம் இன்னும் கையேந்தினார்கள்:
"படம் வேண்டாம்னா எனக்குத் தாங்க, ஐயா."

கெட்டுப்போன தட்டுகளையெல்லாம்
நியூஜெர்சியில் கண்ணாடி வீடு கட்டித்
தக்காளி வளர்க்கும் ஒருவருக்கு விற்றோம்.
ஓரிரண்டு வருட வெயிலில் உருவங்கள்
வெளிறிப்போகும் என்றார்.
பாக்கி வாங்க மார்ச்சில் போனேன்.
நாற்றுகளின் மேல் ஒரு சாம்பல் நிழல்,
நான்கு கைகளோடு, குனிந்தபடி.
"இது யார், தெரியுமா?" என்றார் அவர்,
ஈரக் கையால் சில்லறையை நீட்டி.

எண்ணாமல் வாங்கிக்கொண்டேன்.