ஏழு வரை

பள்ளிப் பேருந்தில் எனக்கு நேர் பின்னிருக்கை
ஷியானாவுக்கு. ஐந்தரை வயது.
ஓட்டுகிறவள் நான், ஒப்துலியா.
சாலையைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்ல
பதினோரு வருடப் பழக்கம்.

எழுத்துக் கூட்டப் பழகிய வாரம்
மேட்டில் நிற்கும் பழுப்புப் பலகையை வாசித்தாள்:
கோஸ்தா... தா... மோர்தே.
மரணக் கரை.
கப்பல்கள் உடைந்து உடைந்து வந்த பெயர்.
வெளியூர்க்காரர்கள் கட்டிப்பிடித்துப் படமெடுக்கும் பெயர்.
அவளுக்கு அது விலாசம்.

“அம்மா செத்துப் போயிட்டாங்கன்னா
மோர்தேவுக்குத்தானே போயிருக்காங்க?”
கியரை மாற்றினேன்.
“நாமளும் இங்கதானே இருக்கோம்.
அப்புறம் ஏன் வீட்டுக்கு வரல?”

சபேலா, பாறையில் பெர்செபெஸ் சுரண்டுகிறவள்.
அலை பின்வாங்கும் மூச்சளவு நேரத்தில்
இறங்கி, சுரண்டி, ஏறிவிட வேண்டும்.
நவம்பரில் ஒரு திங்கட்கிழமை
கயிறு மட்டும் ஏறி வந்தது.
மறுநாள் மதியம் அவள்.

ஓத அட்டவணை இன்னும் குளிர்பெட்டிக் கதவில்.
அமாரோ கிழிக்கவில்லை, அவனுக்குக் கை வரவில்லை.
தண்ணீர் வற்றும்போது அம்மா போவாள்
ஏறும்போது வருவாள்
இது ஷியானாவுக்குத் தெரிந்த கணக்கு.
கடலோ நாளைக்கு இரண்டு தடவை
வாக்குத் தவறாமல் ஏறுகிறது.

எங்கள் கல்லறையில் குழி கிடையாது
சுவரில் அறை அறையாக, கடல் பார்த்து.
மூன்றாம் வரிசையில் சபேலா.
தினமும் அதன் கீழே ஒரு நிறுத்தம்.
“இழுப்பறைக்குக் கைப்பிடி வைக்க
மறந்துட்டாங்க,” என்றாள் ஒருநாள்.
யாரிடமும் புகாராக இல்லை.

மார்ச்சில் உள்நாட்டுக்குச் சுற்றுலா.
இருபத்தாறு குழந்தைகள், இரண்டு பேருக்கு வாந்தி.
மேட்டைத் தாண்டியதும் திரும்பிப் பார்த்தாள்:
பலகையின் முதுகு, வெறும் தகரம், துரு.
“இந்தப் பக்கம் என்ன எழுதியிருக்கு?”
“ஒண்ணுமில்ல.”
“அப்ப இங்க யாரும் சாகலையா?”

சோளக்கொல்லை. பசுக்கள். யூகலிப்டஸ்.
கண்ணாடியில் மூக்கை அழுத்தி
ஒவ்வொரு வீட்டு வாசலாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.
உருளைக்கிழங்கு தோண்டிய ஒருத்தி நிமிர்ந்து கையசைத்தாள்.
ஷியானா கையசைக்கவில்லை.
திரும்பி வருகையில் தூங்கிப்போனாள்
இடது வலது மாறிப்போட்ட காலணிகளுடன்.

அதற்கு மறுநாள் கல்லறை நிறுத்தத்தில்
எல்லோரும் ஏறிய பிறகு கேட்டாள்:
“ஏழு எண்ற வரைக்கும் கதவை மூடாதீங்க.”
ஏழாவது அலைதான் பெரியது
அதற்குள் மேலே வந்துவிட வேண்டும்
அம்மா கற்றுக்கொடுத்த எண் அது.

காற்று உள்ளே வந்தது.
பின்னால் யாரோ குளிர்கிறது என்று கத்தினார்கள்.
ஒன்று, இரண்டு,
ஆறில் கொஞ்சம் இழுத்தாள்.
ஏழு.
“சரி. மூடுங்க.”

நேர அட்டவணையில் இல்லாத அந்தத் தாமதத்துக்கு
அலுவலகத்தில் இரண்டு முறை கேட்டார்கள்.
கதவில் கோளாறு என்று எழுதிக் கொடுத்தேன்.

மே மாதம் ஒரு காலை
பக்கத்து இருக்கைப் பையன் தன் ஆடும் பல்லைக் காட்ட
ஷியானா ஐந்தில் நிறுத்திவிட்டு
அவன் வாய்க்குள் எட்டிப் பார்த்தாள்.
மறந்தே போனாள்.

மீதி இரண்டை நான் எண்ணினேன்
உதடு அசையாமல்.
பிறகுதான் கதவை மூடினேன்.