ஒரு கட்டம் பாக்கி

ஹாப்சலுவில் மைனஸ் பத்தொன்பது.
மரச்சில்லு எரிக்கும் கொதிகலன் கூடத்தில்
இரவுப்பணி லெய்தாவுக்கு இரண்டு திரை.
ஒன்றில், ஊரின் வீடுகளுக்குப் போகும் வெந்நீர்,
எண்பத்தாறு பாகை.
மற்றதில், ஆண்டு ஆயிரத்து நூற்று மூன்று,
பர்கண்டியில் ஒரு துண்டு நிலம்,
அதை ஆளும் பிரபு கோந்திரான்:
வயது ஐம்பத்தெட்டு, கால்வீக்கம், கஞ்சன்,
மாதா கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்காதவன்.

கருவூலத்தில் எழுநூற்றுப் பன்னிரண்டு பொன்.
எதைக் கட்டினாலும் எழுநூறு.
நிலத்தில் காலியாய் ஒரே ஒரு கட்டம்.
கோட்டையா, பட்டணமா, கோயிலா?

ஆட்டத்தை நிறுத்திவைத்து அரைமணி ஆகிறது.
லியோன் சாலையில் ஒரு குதிரை
தூக்கிய காலை இறக்காமல் நிற்கிறது.

கோட்டை என்றால் ஆள்படை.
வடக்கிலிருக்கும் மச்சான்
வரப்பைத் தாண்டிக் கண் வைத்திருக்கிறான், தேவைதான்.
ஆனால் கோட்டைக்கு ஒரு தலைவன் வேண்டும்.
இன்று அவன் கையில் கொடுக்கும் சாவி
பேரன் காலத்தில் உன் கதவையே இடிக்கும் உலக்கை.

பட்டணம் காசு தரும்.
காசு தருகிறவன் கணக்குக் கேட்பான்.

கோயில் கட்டினால் ஆயர் வருவார்.
அவருக்கு உன்னைப் பிடித்தால் காணிக்கை உனக்கு,
பிடிக்காவிட்டால் ரோமுக்கு.
கோந்திரானை யாருக்குத்தான் பிடிக்கும்?

ஜன்னலுக்கு வெளியே, கூரைகளுக்கு அப்பால்,
நிஜமாகவே ஒரு கோட்டை இடிந்து கிடக்கிறது.
ஆயர் கட்டியது. கோயிலும் உள்ளேயே.
அவருக்கு ஒரு கட்டத்தில் இரண்டு கட்ட முடிந்திருக்கிறது.

சில்லு அள்ளும் வண்டியை நிறுத்திவிட்டு
ஐவோ வந்தான், மீசையெல்லாம் பனி.
"பட்டணம் கட்டு. காசிருந்தால் கூலிப்படை,
கூலிப்படை இருந்தால் ஆயர் தானே வருவார்"
என்றான், அவள் காப்பியைக் குடித்தபடி.
அவனிடம் காசு இருந்து
அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை.

லெய்தாவின் மொழியில் மூன்றுக்கும் மூன்று சொல்.
திரையில் மூன்று பொத்தான்.
இதை எழுதுகிற மொழியில் மட்டும்
அரசனும் இறை,
அவன் வாங்கும் வரியும் இறை,
இரண்டிலிருந்தும் காப்பாற்று என்று
கும்பிடப்படுவதும் இறை.
அவளுக்கு அது தெரியாது.
தெரிந்தாலும், எழுநூறு பொன்னுக்கு ஒன்றுதான்.

அப்போது மணி அலறியது.
உறைந்த கட்டை ஒன்று திருகுக்குள் சிக்கி
சில்லு இறங்கவில்லை.
எழுந்த வேகத்தில் அவள் முழங்கை
விசைப்பலகையில் பட்டதை அவள் கவனிக்கவில்லை.

கடப்பாரை, கையுறை, ஐவோவின் வசவு.
இருபது நிமிடம்.
வெந்நீர் எழுபத்தொன்பதுக்கு இறங்கி
மறுபடி ஏறத் தொடங்கியது.
எங்கோ யாரோ தூக்கத்திலேயே
போர்வையை இழுத்துக்கொண்டிருப்பார்கள்,
அவ்வளவுதான்.

கரியும் வியர்வையுமாய் வந்து உட்கார்ந்தால்
ஆண்டு ஆயிரத்து நூற்று ஒன்பது.
கோந்திரான் இல்லை.
இயற்கை மரணம் என்கிறது ஒரு சின்னப் பெட்டி.
மச்சான் வந்து, வென்று, போயிருக்கிறான்.
அவன் முகம் இருந்த இடத்தில்
எர்மெங்கார்த் என்றொரு பெண்,
பத்தொன்பது வயது, கூச்சம், பிடிவாதம்,
ஆறு வருடமாய் யாரும் கேட்காத கேள்வியைப் போல
நேராகப் பார்க்கிறாள்.

வடக்கு எல்லை போய்விட்டது. இரண்டு பண்ணை எரிந்துவிட்டது.
காலிக் கட்டம் மட்டும் காலியாக,
யாரும் கட்டாததால் யாரும் பிடுங்காமல்.

ஈட்டுத்தொகை போகக் கருவூலத்தில்
அறுநூற்றுத் தொண்ணூற்றொரு பொன்.
ஒன்பது குறைகிறது.

அடுத்த மாதக் கடைசிக்குள் சேர்ந்துவிடும்.
எதற்கு என்று இன்னும் முடிவாகவில்லை.
நேரத்தை மிக மெதுவான ஓட்டத்தில் விட்டு
ஐவோ மிச்சம் வைத்த காப்பியை எடுத்துக்கொண்டாள்.
லியோன் சாலையில் அந்தக் குதிரை இல்லை.
காலை ஊன்றி எப்போதோ போயிருக்கும்.